புதுச் சட்டை போட்ட தேடுபொறி: எதை வைத்து எடை போடுவது?

2008 ஜூலை 28 அன்று அமெரிக்காவில் ஒரு தேடுபொறி அறிமுகமானது. பெயரை (Cuil) எழுத்துக்கூட்டிப் படித்தால் நமக்குக் ‘குயில்’ என்றுதான் வரும். ‘கூல்’ என்று சொல்ல வேண்டும் என்றார்கள். அதைத் தொடங்கியவர்களில் கூகுளின் முன்னாள் பொறியாளர்களும் இருந்தார்கள். 12,000 கோடி இணையப் பக்கங்களைத் திரட்டி வைத்திருப்பதாக அறிவித்தார்கள். முடிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வராமல், வார இதழின் பக்கம்போலப் பத்திகளாகப் பிரிந்து, பக்கத்தில் படங்களுடன் வந்தன. முதல் நாள் கூட்டத்தைத் தாங்க முடியாமல் சர்வர்கள் திணறின. சாதாரணச் சொற்களுக்குக்கூட முடிவு இல்லை என்று பதில் வந்தது. வந்த முடிவுகளிலும் செய்தி ஒன்றாகவும் படம் இன்னொன்றாகவும் இருந்தன. 2010 செப்டம்பரில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

சர்வர் படுத்ததால்தான் கூல் தோற்றது என்று சொல்வார்கள். சர்வர் நன்றாக ஓடியிருந்தாலும் அந்தப் பக்கத்தில் ஒரு சிக்கல் மிஞ்சியிருக்கும். ஒரே வரிசையாக இருந்தால் மேலே இருப்பதுதான் பொறியின் முதல் தேர்வு என்று கண்ணுக்குத் தெரியும். மூன்று பத்தியாகப் பிரித்தால் இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா என்ற கேள்வி வந்துவிடுகிறது. பொறி பாடுபட்டுத் தீர்மானித்த வரிசையைப் பக்கமே கலைத்துவிடுகிறது. பத்து முடிவில் எட்டாவது நல்லது என்றால், அதற்கு முன்னால் ஏழு முடிவுகளைத் தள்ளினோம் என்ற கணக்காவது பழைய வரிசையில் இருக்கும்.

புதிதாக வடிவமைத்த ஒரு தேடுபொறியைத் திறந்ததும் பலரும் தங்கள் பெயரைத் தட்டுவார்கள், பிறகு ஊரின் வானிலையைத் தட்டுவார்கள், இரண்டும் வந்துவிட்டால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று முடித்துவிடுவார்கள். இப்படிப்பட்ட சுலபமான கேள்விகளில் எந்தப் பொறியும் தேறிவிடும். உண்மையான தேடலில் முதல் முயற்சி அடிக்கடி தவறும். சொல்லை மாற்றிப் போடுவோம், ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம், கால வரம்பைக் குறைப்போம். அந்த இரண்டாவது, மூன்றாவது முயற்சிக்கு எவ்வளவு சிரமம் என்பதை அளந்தால்தான் பொறியின் குணம் தெரியும். கீழே வரும் சோதனைகளெல்லாம் அதைச் சுற்றியவைதான்.

மாறியது தோலா, உள்ளேயா?

முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 2020 ஜனவரியில் கூகுள் கணினித் திரையில் ஒவ்வொரு முடிவின் முகவரிக்கும் பக்கத்தில் அந்தத் தளத்தின் குட்டிச் சின்னத்தை வைத்தது. விளம்பரத்துக்கும் அதே இடத்தில், அதே அளவில் ‘விளம்பரம்’ என்ற குறி. எது விளம்பரம், எது முடிவு என்று தெரியவில்லை என்ற கூச்சல் கிளம்பி, இரண்டு வாரத்துக்குள் கூகுள் பின்வாங்கி வேறு அமைப்புகளைச் சோதிக்கத் தொடங்கியது. அது தோல் மாற்றம். தரவரிசை அப்படியே இருந்தது. 2023 பிப்ரவரி 7 அன்று மைக்ரோசாஃப்ட் அறிவித்த புதிய பிங் தேடுபொறி வேறு வகை. அதில் உரையாடிப் பதில் பெறலாம். கிடைக்கும் பதிலே மாறியது.

பிரித்தறிய ஒரு எளிய வழி: பழைய வடிவம் இன்னும் கிடைத்தால், அல்லது பழைய முடிவுகளைப் படமாக எடுத்து வைத்திருந்தால், ஐந்து தேடல்களுக்கு முதல் பத்து முகவரிகளை இரண்டிலிருந்தும் எழுதிக்கொள்ளுங்கள். முகவரிகளும் வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மாறியது தோல்தான். அப்போது தேடல் தரத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கண், விரல், நேரம் இவற்றை மட்டும் சோதித்தால் போதும்.

கேள்விகளைத் தயார்செய்தல்

30 கேள்விகள் வேண்டும். உட்கார்ந்து யோசித்து எழுதக் கூடாது; யோசித்து எழுதுபவை பள்ளிக்கூடக் கேள்விகளைப்போல முழு வாக்கியமாக, பிழையில்லாமல் வந்துவிடும். உலாவியின் வரலாற்றில் கடந்த ஒரு மாதத் தேடல்கள் இருக்கும், அதிலிருந்து எடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்த வேண்டாம்.

2002-இல் ஆந்திரேய் பிராடர் என்ற ஆய்வாளர் இணையத் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒரு தளத்துக்குப் போவதற்கான தேடல், தகவல் அறிவதற்கான தேடல், ஒரு காரியத்தை முடிப்பதற்கான தேடல். இந்தப் பிரிப்பு இன்றும் பயன்படுகிறது. முப்பதில் 7 முதல் வகை, 14 இரண்டாம் வகை, 5 மூன்றாம் வகை என்று வைத்துக்கொண்டு, மீதி நாலை முன்பு தேடியும் கிடைக்காதவற்றுக்கு ஒதுக்கலாம். அந்த நாலு முக்கியம்; தோல்வியில் பொறி எப்படி நடந்துகொள்கிறது என்பதை அவைதான் காட்டும்.

மூன்றாம் வகைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு நல்ல கேள்வி: வில்லங்கச் சான்றிதழ். பத்திரப் பதிவுக்கு அலைபவர்கள் அதை ‘ஈசி’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு சொல்லுக்கும் பதிவுத்துறையின் அதிகாரபூர்வத் தளம் முதலிடத்தில் வருகிறதா, அல்லது அரசுத் தளம்போலத் தோற்றம் காட்டிக் கட்டணம் கேட்கும் இடைத்தரகர் தளம் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். இங்கே தவறான முதல் முடிவு பணத்தில் போய் முடியும். ஆகவே இதற்கு மதிப்பெண் போடும்போது மற்றதைவிடக் கறாராக இருக்கலாம்.

ஒவ்வொரு கேள்விக்கும் எது சரியான பதில் என்பதைத் தேடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். தேடிய பிறகு எழுதினால் கண்ணில் பட்டதே சரி என்று மனம் சமாதானம் சொல்லிவிடும். இது வெறும் சந்தேகம் இல்லை. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களுக்கு கூகுள் முடிவுகளின் வரிசையைத் தலைகீழாக்கிக் காட்டினார்கள். தரம் குறைந்தவை மேலே வந்தபோதும் மாணவர்கள் மேலே இருந்தவற்றின் பக்கமே சாய்ந்தார்கள்.

சோதனை நாளில்

இன்காக்னிட்டோ சாளரம் (வரலாற்றைச் சேமிக்காத உலாவிச் சாளரம்), கணக்கில் நுழையாத நிலை, ஒரே கருவி, ஒரே இணைய இணைப்பு, ஒரே மொழி அமைப்பு, ஒரே இருப்பிட அனுமதி. இவற்றில் ஒன்று மாறினாலும் ஒப்பீடு கெட்டுவிடும். இருப்பிடத்தைத்தான் அதிகம் மறப்பார்கள். ஒரு பொறிக்கு அனுமதி கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காமல் விட்டால், ‘பக்கத்து மருந்துக்கடை’ என்ற தேடலில் முதலாவது அநியாயமாக ஜெயிக்கும்.

ஒவ்வொரு கேள்விக்கும் நாலு எண்களைக் குறியுங்கள். சரியான பதில் எத்தனையாவது இடத்தில் வந்தது. எத்தனை தடவை சொல்லை மாற்ற வேண்டியிருந்தது. எத்தனை பக்கங்களைத் திறந்த கையோடு மூடிவிட்டுத் திரும்பினீர்கள். மொத்தம் எத்தனை விநாடி.

முதல் எண்ணுக்கு ஆய்வாளர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: இடத்தின் தலைகீழ். முதலிடத்தில் வந்தால் 1, இரண்டாமிடம் 0.5, மூன்றாமிடம் 0.33, முதல் பத்தில் இல்லையென்றால் 0. முப்பதுக்கும் கூட்டிச் சராசரி எடுக்கலாம். ஆனால் சராசரியில் வரும் சிறு வித்தியாசத்தை நம்பாதீர்கள். அதைவிட எத்தனை கேள்வியில் எது வென்றது என்று எண்ணுவது நல்லது. 15 கேள்விகளில் சமநிலை, மீதி 15-இல் புதியது 9, பழையது 6 என்றால் அது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. 15 தடவை நாணயத்தைச் சுண்டினாலே 100-க்கு 60 முறை இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ ஒருபக்கம் சாயும். 12-க்கு 3 என்றால் கவனிக்கலாம். அப்படிச் சாய 100-க்கு 4-க்கும் குறைவான வாய்ப்புதான்.

விநாடிக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. பழகிய பொறியில் விரல் தானாகப் போகும், புதியதில் தடுமாறும். முதல் மூன்று நான்கு நாள் நேரக்கணக்கை எடுக்காமல் சும்மா பயன்படுத்துங்கள். முதல் நாள் எரிச்சலில் பாதி, பழைய வீட்டில் சுவிட்ச் இருந்த இடத்தைக் கை தேடுவதுபோலத்தான். வாரம் ஒன்று கழிந்தும் அதே இடத்தில் தடுமாறினால் அது வடிவமைப்பின் பிழை.

பக்கத்தில் பார்க்க வேண்டியவை

கைபேசியில் ஒரு தேடலைப் போட்டு, திரையைத் தள்ளாமல், விளம்பரம் அல்லாத முடிவுகள் எத்தனை தெரிகின்றன என்று எண்ணுங்கள். பொருள் வாங்கும் தேடல்களில் பூஜ்யம் வருவது அபூர்வம் இல்லை.

விளம்பரக் குறி மெலிந்துவந்த கதை படிக்க வேண்டியது. கூகுள் ஒருகாலத்தில் விளம்பரங்களுக்குப் பின்னால் வண்ணப் பட்டை போட்டிருந்தது. 2013 வாக்கில் பட்டை போய், ‘விளம்பரம்’ என்று எழுதிய சின்ன மஞ்சள் வில்லை வந்தது. 2016-இல் வில்லை பச்சையானது. முகவரியின் எழுத்தும் அப்போது பச்சைதான் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017-இல் பச்சை நிரப்பல் போய்க் கோடு மட்டும் மிஞ்சியது. பிறகு வெறும் கறுப்பு எழுத்து. 2022-இல் கைபேசியில் ‘ஸ்பான்சர்ட்’ என்ற முழுச் சொல் தனி வரியில் வந்தபோது நிலைமை கொஞ்சம் தெளிந்தது. ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் சின்ன மாற்றம்தான். மொத்தமாகப் பார்த்தால் எந்தத் திசையில் போனது என்பதில் சந்தேகம் இல்லை. புதிய வடிவத்தில் இதைச் சோதிக்க, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு திரையைப் பாருங்கள். எழுத்து மங்கிய நிலையிலும் விளம்பரப் பகுதி தனியாகத் தெரிந்தால் குறி போதுமானது.

அடுத்தது திரும்பும் வழி. பத்து முடிவுகளைத் தாண்டிக் கீழே போய் ஒன்றைத் திறந்து, பின்னே போகும் பொத்தானை அழுத்துங்கள். விட்ட இடத்துக்கே வருகிறீர்களா, பக்கத்தின் உச்சிக்கா? உச்சிக்கு என்றால் அந்தப் பொறியில் ஆழமாகத் தேடுவது தண்டனை. தள்ளத் தள்ள முடிவுகள் வந்துகொண்டே இருக்கும் அமைப்பில் இந்தக் கோளாறு அதிகம். ‘மூன்றாம் பக்கத்தில் பார்த்தேன்’ என்று நினைவில் வைக்கவும் அங்கே வழி கிடையாது. கூகுள் இந்த அமைப்பைக் கைபேசியில் 2021 அக்டோபரிலும் கணினியில் 2022 டிசம்பரிலும் கொண்டுவந்து, 2024 ஜூனில் கைவிடத் தொடங்கியது.

தேடல் பெட்டியை மறுபடி தொடுங்கள். பழைய சொல் அப்படியே இருந்து, தொட்ட இடத்தில் கர்சர் நிற்க வேண்டும். சில வடிவங்களில் தொட்டதும் முழுச் சொல்லும் தெரிவாகிவிடும். ஒரு எழுத்தைத் திருத்தப் போனால் எல்லாம் அழியும். இன்னும் சிலவற்றில் பரிந்துரைப் பட்டியல் திரையை மூடிக்கொள்ளும். கால வரம்பு, மொழி, ‘இந்தச் சொல் கட்டாயம் வேண்டும்’ என்ற மேற்கோள் குறி இவையெல்லாம் வேலை செய்கின்றனவா, எத்தனை தொடுதலில் கிடைக்கின்றன என்பதையும் பாருங்கள். வடிவத்தைச் சுத்தமாக்குகிறேன் என்று இறங்குபவர்கள் முதலில் ஒளித்துவைப்பது இவற்றைத்தான்.

தமிழில் தட்டும்போது

ஆங்கிலத்தில் தேறும் வடிவமைப்பு தமிழில் தடுக்கி விழும் இடங்கள் பல.

கணினியில் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுபவர்கள், வரும் சொற்பட்டியலிலிருந்து ஒன்றை என்டர் தட்டித் தேர்வதுண்டு. தேடல் பெட்டியை அவசரமாக எழுதியிருந்தால் அதே என்டரை ‘தேடு’ என்று எடுத்துக்கொண்டு, பாதிச் சொல்லோடு ஓடிவிடும். பொறியின் பரிந்துரைப் பட்டியல் விசைப்பலகையின் சொற்பட்டியலை மறைப்பதும் உண்டு. இரண்டையும் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

பிறகு, பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்துகள். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் சேமிக்கலாம். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடின் இயல்பாக்க விதிகள் இதைச் சமன்செய்துவிடும். ‘ஔ’ என்ற ஓர் எழுத்தையும், ‘ஒ’ போட்டு ‘ள’ போட்ட இரண்டு எழுத்தையும் அந்த விதிகள் சமன்செய்யாது. பொறியே முனைந்து செய்ய வேண்டும். ஔவையார் என்று இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள். முடிவுகள் ரொம்ப மாறினால் தமிழுக்காக யாரும் மெனக்கெடவில்லை என்று அர்த்தம்.

வேற்றுமை உருபு அடுத்த சோதனை. ‘வீடு’ என்ற சொல் ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’ ஆகும்போது அடியே மாறுகிறது. ‘மரம்’ என்பது ‘மரத்தில்’ ஆகிறது. முன்னெழுத்துகளை மட்டும் ஒப்பிடும் பொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். உருபை வெட்டத் தெரிந்த பொறி அளவுக்கு மீறி வெட்டினால் அதற்கும் ஆபத்து உண்டு. ‘பாட்டில் மூடி’ என்று தேடுங்கள். ‘இல்’ உருபை வெட்டிப் ‘பாட்டு’ ஆக்கிக்கொண்டு பாடல் வரிகளைக் காட்டினால், விதி மட்டும் தெரிந்த பொறி அது.

சந்தியில் ‘வாழைப்பழம்’, ‘வாழைப் பழம்’, ‘வாழைபழம்’, ‘வாழை பழம்’ என்று நாலு வடிவமும் இணையத்தில் புழங்குகின்றன. நாலுக்கும் ஒரே மாதிரி முடிவு வர வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களில் ழகரத்துக்கு ஒருவர் இஸட், எச் சேர்ப்பார், இன்னொருவர் எல் போடுவார். அந்த இரண்டையும் பட்டியலில் சேருங்கள்.

சொல்வழக்கு நாட்டுக்கு நாடு மாறும். தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமம் என்றோ லைசென்ஸ் என்றோ தேடுவதை இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் என்று தேடுவார்கள். இங்கே பாஸ்போர்ட், அங்கே கடவுச்சீட்டு. இரண்டையும் ஒன்றென்று தெரிந்துகொள்வது பொறியின் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சாரதி அனுமதிப்பத்திரம் என்று கேட்டவருக்குத் தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறையைக் காட்டினால் அந்தக் கெட்டிக்காரத்தனம் உபத்திரவம்.

காட்சியில் மூன்று பிழைகளைத் தேடுங்கள். தலைப்பை ஓரிடத்தில் வெட்டிப் புள்ளிகள் வைக்கும்போது மெய்யின் புள்ளியோ உயிர்க்குறியோ அறுந்து, ‘க்’ வெறும் ‘க’ ஆகிறதா. தேடிய சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டும்போது எழுத்துக்கு நடுவில் வெட்டி, உயிர்க்குறி புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கிறதா. ஆங்கிலத்துக்கென்று நெருக்கிய வரி இடைவெளியில் மேல்வரி எழுத்துகளில் கீழே இறங்கும் பகுதியும் கீழ்வரி எழுத்துகளின் மேலே நிற்கும் குறியும் முட்டுகின்றனவா. தமிழ் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத் தலைப்பு முழுதாகத் தெரியும் இடத்தில் தமிழ்த் தலைப்பு பாதியில் நிற்கும். முகவரியும் அப்படியே. ‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறியீடு. இணைய முகவரிக்கான குறிமுறையில் மாற்றினால் 45 எழுத்தாக நீளும். அதை மறுபடி தமிழாக்கிக் காட்டாத பொறியில் முகவரி வரியைப் பார்த்து எந்தத் தளம், எந்தப் பக்கம் என்று கணிப்பது கஷ்டம்.

சுருக்கம் எழுதும் பொறிகள்

கூகுள் 2024 மேயில் அமெரிக்காவில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்களை எல்லோருக்கும் திறந்துவிட்ட சில நாளில், பீட்சாவில் சீஸ் ஒட்டாவிட்டால் சாஸில் பசை கலக்கச் சொன்ன சுருக்கம் உலகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. யாரோ ரெட்டிட் தளத்தில் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த கிண்டலைப் பொறி ஆலோசனையாக எடுத்துக்கொண்டது.

இப்படிப்பட்ட பளிச்சென்ற பிழைகள் அவ்வளவு ஆபத்தில்லை, பார்த்ததுமே தெரிந்துவிடும். சுருக்கத்தைச் சோதிக்க அதன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொடுத்திருக்கும் இணைப்பைத் திறந்து, அந்தத் தகவல் அங்கே உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்துச் சுருக்கம், ஒவ்வொன்றிலும் மூன்று வாக்கியம் பார்த்தால் 30 சரிபார்ப்பு. ஒரு மணி நேர வேலை. இணைப்பு இருக்கிறது, தகவலும் சரி, ஆனால் அந்த இணைப்பில் அந்தத் தகவல் இல்லை என்ற மூன்றாவது வகையைத் தனியாகக் குறிக்க வேண்டும். தமிழில் கேட்டதற்கு ஆங்கிலப் பக்கத்தைச் சுருக்கித் தமிழில் தருவதும் நடக்கும். சரிபார்க்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்றால் தமிழில் பதில் தந்ததன் பயன் பாதிதான்.

கொஞ்சம் வளைந்த கேள்விகளையும் போடுங்கள். ‘1967 ஜூலை 18-இல் தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது எப்படி?’ அன்று நடந்தது சட்டமன்றத் தீர்மானம். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. கேள்வியில் இருக்கும் பிழையைச் சுட்டிக்காட்டும் சுருக்கத்தை நம்பலாம். ஆமாம் சாமி போட்டுக் கதை சொல்லும் சுருக்கம் உள்ள பொறியில் அதை அணைக்க வழி இருக்கிறதா, அல்லது வெறும் இணைப்புகளை மட்டும் காட்டும் பகுதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியதுதான்.

அடுத்தவர் கையில் கொடுத்துப் பார்த்தல்

ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டியல் நிபுணர் ஜேகப் நீல்சன் 2000-இல் எழுதினார். ஒரு பிரச்சினை ஒருவரிடம் வெளிப்பட 31 சதவீத வாய்ப்பு என்று வைத்தால் ஐந்து பேரில் 85 சதவீதப் பிரச்சினைகள் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. பிழைகளைக் கண்டுபிடிக்க அது சரி. எது வேகம் என்று தீர்மானிக்க ஐந்து பேர் போதாது. அந்த ஐவரும் ஒரே மாதிரி ஆளாகவும் இருக்கக் கூடாது: தமிழ்99 விசைப்பலகைக்காரர் ஒருவர், ஆங்கில எழுத்தில் தட்டுபவர் ஒருவர், மைக்கை அழுத்திப் பேசுபவர் ஒருவர், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், ஐந்தாவதாக யாராவது.

‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள்; மரியாதைக்கு நல்லா இருக்கு என்பார்கள். ஒரு காரியத்தைச் சொல்லி, கையில் போனைக் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பாருங்கள். அவர் விளம்பரத்தைத் தெரிந்து தொட்டாரா, தெரியாமல் தொட்டாரா என்பதை மட்டும் முடிந்த பிறகு கேளுங்கள்.

குறிப்புகளில் தேதி, கருவி, உலாவி, மொழி அமைப்பு நாலையும் எழுதி, திரையையும் படமாக எடுத்து வையுங்கள். பெரிய பொறிகள் ஒரே நேரத்தில் பல வடிவங்களை வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டிச் சோதிக்கின்றன. உங்கள் திரையில் இருக்கும் பொத்தான் எதிர்வீட்டுக்காரர் திரையில் இல்லாமல் போகலாம், அவர் சொல்வதும் பொய்யில்லை. குக்கீயை (தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு அடையாளக் குறிப்பை) அழித்துவிட்டு மறுபடி திறந்தாலே வேறு வடிவம் வருவதும் உண்டு. ஒரு மாதம் கழித்து முப்பதையும் மறுபடி ஓட்ட நேரமில்லை என்றால், முதல் தடவை தோற்ற கேள்விகளை மட்டும் எடுத்து ஓட்டுங்கள்.